பரலோக மந்திரமும் கடன் நோட்டும்



இரவு செபமாலை முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு நம் வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வருவதுண்டு. சில வீடுகளில் அது பெட்டித் துணிகளுக்கு அடியில் இருக்கும். சில வீடுகளில் வீட்டுக்காரர் மனதில் மட்டும் இருக்கும். குழுவுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, நகை அடகுக்கு இவ்வளவு, தறி முதலாளியிடம் வாங்கிய பாக்கி இவ்வளவு, மச்சானுக்குக் கொடுத்தது இன்னும் வரவில்லை என்று அதில் கணக்கு இருக்கும். அதே வீட்டில் அரைமணி நேரத்துக்கு முன்புதான் எல்லோரும் முழங்காலிலிருந்து பரலோக மந்திரம் சொன்னார்கள். அந்தச் செபத்துக்கும் இந்த நோட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், "சாமி, அது ஆத்தும காரியம், இது வயிற்றுப்பாடு" என்று நம்மில் அநேகர் சொல்லிவிடுவோம்.

சம்பந்தம் உண்டென்று காட்டுவதே இவ்வாரப் பாடத்தின் நோக்கம். அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 6-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நமது ஆண்டவர் பரலோக மந்திரத்தைக் கற்பித்தது அந்த அதிகாரத்தில்தான். ஒருவன் சர்வேசுரனுக்கும் செல்வத்துக்கும் ஒருமிக்க ஊழியஞ் செய்ய முடியாதென்று எச்சரித்ததும் அதே அதிகாரத்தில்தான். உணவையும் உடையையும் நாளைய தினத்தையும் பற்றிக் கவலைப்பட வேண்டாமென்று சொன்னதும் அங்கேதான். அந்தச் செபத்திலும் அன்றாட உணவைக் கேட்கும் மன்றாட்டுக்கு அடுத்தபடியாக வருவது மன்னிப்பைக் கேட்கும் மன்றாட்டு. அவ்விடத்தில் அர்ச். மத்தேயு வைத்திருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "கடன்கள்" என்பதே. பூசை லத்தீனில் நடந்த காலத்தில் குருக்கள் பாடிய "தேபித்தா" என்ற சொல்லுக்கும் அதுவே பொருள். ஆகையால் கவலை, பணம், மன்னிப்பு ஆகிய மூன்றையும் நமது ஆண்டவரே ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார்.

1. கவலையும் முன்யோசனையும்

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பிழைப்பு எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக் குச்சி நட்டவர் பத்து மாதம் போலக் காத்திருந்து கிழங்கு பிடுங்குகிறார். விலையோ ஜவ்வரிசிச் சந்தையைப் பார்த்து வேறொருவர் சொல்லுவது. முட்டை விலை இறங்கிற்றென்று கோழி தீவனம் தின்பதை நிறுத்தாது. லாரி ஓடினாலும் நின்றாலும் தவணை தேதி நிற்பதில்லை. நூல் விலை ஏறினால் தறிக்கு வேலை குறைகிறது. இப்படியிருக்கக் கவலைப்படாதே என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவருக்குச் சற்றே கோபம் வருவது இயல்பு.

ஆனால் அதைச் சொன்னவர் யார்? தச்சர் வீட்டில் வளர்ந்தவர். பொழுது சாயும் வரையில் கூலிக்கு அழைப்பாரில்லாமல் கடைத்தெருவில் நின்ற ஆட்களைப் பற்றிப் பேசியவர். அவர் முன்யோசனையைத் தடுக்கவில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானோ என்று கேட்டவரும் அவரே. எகிப்து தேசத்தில் யாக்கோபின் மகனாகிய சூசை, விளைந்த ஏழு வருஷங்களில் தானியம் சேர்த்து வைத்துப் பஞ்ச காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றினார். அது புண்ணியமான விவேகம்.

அப்படியானால் எது விலக்கப்பட்ட கவலை? அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லலாம். முதலாவது, அது சர்வேசுரனையும் கேளாது, மனைவியையும் கேளாது. ராத்திரியில் தனியாக முடிவு செய்து காலையில் கையெழுத்துப் போட்டுவிடும். இரண்டாவது, அது தன் வயிற்றைப் பார்க்காமல் அடுத்தவர் வாயைப் பார்க்கும்: "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" மூன்றாவது, அது பாவத்துக்கு வழிகாட்டும்: பொய், மறைப்பு, குடி, சண்டை.

ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். பிள்ளைக்குப் புதுநன்மை. பிள்ளை ஞானோபதேசம் படித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, சேசுநாதரைத் தன் உள்ளத்தில் ஏற்க ஆயத்தமாயிருக்கிறது. தகப்பனோ பந்தலுக்கும் பிரியாணிக்கும் பெரிய பேனருக்கும் அறுபதினாயிரம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 1,800 ரூபாய் வட்டி. வருஷத்தில் 21,600 ரூபாய். அடுத்த வருஷம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு இன்னொரு கடன். பிள்ளை வாங்கிய நன்மைக்கு ஒரு காசும் செலவில்லை. நாலு பேர் வாய்க்குப் பயந்ததற்குத்தான் இவ்வளவும். திருமணம், சடங்குச் சீர், காதுகுத்து, புதுமனை எல்லாவற்றிலும் இதே கதை நடக்கிறது.

2. கடனும் மனிதனும்

கடன் வாங்குவது தன்னில்தானே பாவமல்ல. நோய்க்கும் படிப்புக்கும் தொழிலுக்கும் கடன் தேவைப்படலாம். ஆனால் கணக்குத் தெரியாமல் வாங்கக்கூடாது. இருபதினாயிரம் ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் 24,000 ரூபாய் கட்டியாகிவிடும். அசல் இருபதினாயிரம் அப்படியே நிற்கும். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வசூலிக்கும் தண்டல் சுலபமாகத் தோன்றும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிய வட்டி.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூர தேசத்துக்குப் போக வேண்டாம். 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஈரோட்டுக்கு எதிரே காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையத்தைப் பற்றிய செய்தியைப் பத்திரிகைகளில் படித்தீர்கள். கடனில் நசுங்கிக் கிடந்த விசைத்தறித் தொழிலாளரைத் தரகர்கள் அணுகி, அவர்களுடைய சிறுநீரகங்களை விற்கச் செய்தார்கள் என்பது அச்செய்தி. அரசாங்கம் விசாரணை நடத்தியது. ஆகஸ்டு மாதத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. உடலுறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிறர்சிநேகத்தினால் உறுப்பைத் தானமாகக் கொடுப்பதைத் திருச்சபை புகழ்கிறது. ஆனால் கடன்காரனுக்குப் பயந்து தன் சரீரத்தை விலைபேசுவது தானமல்ல. செல்வம் ஒரு எஜமான் என்று நமது ஆண்டவர் சொன்னது வெறும் உவமை என்று நினைத்தோம். அந்த எஜமான் ஊழியனுடைய சரீரத்தையே கேட்பான் என்பதை நம் ஜில்லாவிலேயே கண்டோம்.

அந்தத் தொழிலாளரை நாம் குற்றஞ்சாட்டத் துணியலாகாது. அவர்கள் அந்த இடத்துக்கு வருமுன் எத்தனை பேரிடம் கை நீட்டியிருப்பார்கள்? அவர்கள் அக்கம்பக்கத்தில் கிறிஸ்தவர்கள் இருந்தார்களா? இருந்தால் அவர்களுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகள் எனக்கும் சேர்த்தே.

3. வட்டிக்கு விடுவோருக்கு

நம் பங்குகளிலும் வட்டிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்கும் வருகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பாடம் உரியது.

யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு: ஏழையின் மேல் வஸ்திரத்தை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் இரவில் போர்த்திக்கொள்ள வேறில்லை. இன்றைக்கு மேல் வஸ்திரத்தை யாரும் அடகு பிடிப்பதில்லை. ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் ரேஷன் அட்டையையும் பிடிக்கிறார்கள். எழுதாத பத்திரத்திலும் தொகை போடாத காசோலையிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். ஏழையின் போர்வை இதுதான்.

1745-ம் ஆண்டில் பரிசுத்த பாப்பானவர் பதினான்காம் ஆசீர்வாதப்பர், கடன் கொடுத்ததைக் காரணமாக வைத்துக் கொடுத்ததற்கு மேல் கேட்பதைக் கண்டித்து நிருபம் எழுதினார். கடன் கொடுத்தவருக்கு வரும் நஷ்டம் முதலிய வேறு நியாயமான காரணங்களுக்காக ஈடு பெறலாமென்பதையும் அவர் மறுக்கவில்லை. ஆகவே மிதமான வட்டியைத் திருச்சபை இன்று பாவமென்று சொல்லுவதில்லை. ஆனால் பிறருடைய அவசரத்தைத் தன் லாபமாக்குவது களவை விலக்கும் ஏழாம் கற்பனைக்கு விரோதம். 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. லோபித்தனமான கொடுவட்டியினால் சகோதரரைப் பசிக்கும் சாவுக்கும் உள்ளாக்குகிறவர்கள் மறைமுகமாகக் கொலை செய்கிறார்கள் என்று, கொலையை விலக்கும் ஐந்தாம் கற்பனையின் விளக்கத்தில் அதைச் சேர்த்திருக்கிறது. அநியாய வட்டியைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் தண்டிக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டத்துக்குத் தப்பலாம், பாவசங்கீர்த்தனத்தில் தப்ப முடியாது. அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவப் பொறுத்தல் பலிக்காது. சக்கேயு என்னும் ஆயக்காரர் ஆண்டவரைத் தம் வீட்டில் ஏற்ற நாளில், தாம் ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. நூறு நாள் கூலி

இனி மன்னிப்பைப் பார்ப்போம். எத்தனை தடவை மன்னிக்க வேண்டுமென்று அர்ச். இராயப்பர் கேட்டபோது ஆண்டவர் ஒரு கடன் கதையைத்தான் சொன்னார். ஓர் ஊழியன் தன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கொடுக்க வேண்டியிருந்தது. ராஜா முழுவதையும் தள்ளிவிட்டார். அவன் வெளியே வந்ததும், தனக்கு நூறு தெனாரியம் கொடுக்கவேண்டிய உடன் ஊழியனைக் கழுத்தைப் பிடித்து நெரித்தான்.

தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்றுக்கு ஆறாயிரம் தெனாரியம். நம் கணக்கில் ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊழியனுடைய கடன் ஆறு கோடி நாள் கூலி, அதாவது 3,600 கோடி ரூபாய். வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை செய்தாலும் அடைக்க இரண்டு லட்சம் வருஷம் பிடிக்கும். சர்வேசுரனுக்கு முன் நம் பாவக் கடன் அவ்விதமானது. மற்றவனுடைய கடனோ நூறு நாள் கூலி, அறுபதினாயிரம் ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறுபதினாயிரம் ரூபாய் அற்பத் தொகையல்ல. உங்களை ஒருவர் ஏமாற்றியிருந்தால், அது ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. உங்கள் நஷ்டம் நிஜமான நஷ்டமென்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோடிக்கணக்கான கடன் நீங்கியவன் ஏன் இப்படிச் செய்தான்? ராஜா தள்ளிவிட்டார் என்பதை அவன் மனம் நம்பவில்லை. "எனக்குத் தவணை கொடும், எல்லாவற்றையும் கட்டிவிடுவேன்" என்று கெஞ்சின நினைப்பிலேயே அவன் வெளியே வந்தான். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவனை விட்டுப் போகவில்லை. பரமபிதா தன்னைக் காப்பாரென்று நம்பாதவன்தான் சகோதரனுடைய கழுத்தைப் பிடிக்கிறான். அன்றாட உணவுக்குப் பிதாவை நம்பக் கற்றவனுக்கே மன்னிக்கக் கை வரும். பரலோக மந்திரத்தில் அந்த இரண்டு மன்றாட்டுகளும் அடுத்தடுத்து நிற்பதை நான் இப்படித்தான் விளங்கிக் கொள்கிறேன்.

இதில் உங்களுக்கு எழக்கூடிய மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுகிறேன்.

கேள்வி: மன்னிப்பதென்றால் பணத்தையும் விட்டுவிட வேண்டுமா?
விடை: பகையை விடுவது எல்லோருக்கும் எப்போதும் கடமை. பணத்தைக் கேட்கும் நியாயம் உங்களுக்கு உண்டு. வைத்துக்கொண்டே தராதவரிடம் பெரியவர்களை வைத்தோ சட்டப்படியோ கேட்கலாம். மெய்யாகவே இல்லாதவருக்கோ, உங்கள் சக்திக்குத் தக்கபடி தவணை கொடுங்கள், குறையுங்கள், முடிந்தால் தள்ளிவிடுங்கள். எதைச் செய்தாலும் அவர் வாசலில் நின்று கூச்சலிடுவதும், அவர் பிள்ளைகள் காதுபட ஏசுவதும், அவர் வீட்டுச் சாவுக்குப் போகாதிருப்பதும் கூடாது.

கேள்வி: மன்னிக்கச் சொல்லியிருக்கிறபடியால், கடன்பட்டவர் கட்டாமல் இருந்துவிடலாமா?
விடை: கூடாது. கொடுத்தவர் மன்னிப்பது அவருடைய புண்ணியம். வாங்கியவர் திருப்பிக் கொடுப்பது அவருடைய கடமை. முழுவதும் முடியாவிட்டால் மாதம் இருநூறு ரூபாயாவது கொண்டுபோய் நேரில் கொடுங்கள். செல்போனை அணைத்துவிட்டுத் தெருவை மாற்றி நடப்பதே பாதிப் பகைக்குக் காரணம்.

கேள்வி: தம்பியின் லாரிக் கடனுக்கு அண்ணன் ஜாமீன் நின்றார். தம்பி கட்டவில்லை. அண்ணன் நிலத்தை விற்றுக் கட்டினார். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அண்ணன் என்ன செய்வது?
விடை: பிறருக்கு ஜாமீன் நிற்பதைப் பற்றிப் பழமொழி ஆகமம் பலமுறை எச்சரிக்கிறது, மனைவி மக்கள் சம்மதமில்லாமல் ஒருக்காலும் நிற்காதீர்கள். நின்று நஷ்டப்பட்டவரோ, நிலத்தை இழந்தது போதும், தம்பியையும் இழக்க வேண்டாம். முதலில் தம்பிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். மனம் ஒப்பாவிட்டாலும் சொல்லுங்கள். பிறகு ஒரு பண்டிகை நாளில் "சௌக்கியமா?" என்ற ஒரு சொல். பணப் பேச்சு அதற்கப்புறம் வரட்டும். தம்பியே, அண்ணன் வருவதற்கு முன் நீர் போய் நிற்பது அதிலும் நன்று. நிலம் போனது உமக்காக.

5. திருச்சபை காட்டிய வழி

பிரசங்கத்தால் மட்டும் வட்டி குறையாதென்று நம் முன்னோர்களும் அறிந்திருந்தார்கள். இத்தாலியில் பெரூஜா நகரத்தில் 1462-ல், பிரான்சிஸ்கு சபைக் குருக்களுடைய பிரசங்கத்தின் பலனாக ஏழைகளுக்கான அடகுச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாலைகள் நடத்தும் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கலாமென்று 1515-ல் பாப்பானவர் பத்தாம் சிங்கராயர் அனுமதி கொடுத்தார். நம் தேசத்தில் ராஞ்சிப் பக்கத்து மலைவாழ் மக்கள் லேவாதேவிக்காரரிடம் நிலத்தை இழந்து வந்தபோது, ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியச் சேசு சபைக் குரு 1909-ல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். நமக்கு அடுத்த தர்மபுரியில் 1989-ல் அரசாங்கத் திட்டத்தின் கீழ்ப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கி, பிறகு தமிழ்நாடெங்கும் பரவின. சிறுகச் சேர்த்து, ஒருவரையொருவர் அறிந்து, கூட்டாகக் கடன் கொடுத்துக் கொள்வதே இவற்றின் உயிர். ஆனால் ஒரு குழுக் கடனைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவது, மருந்தையே விஷமாக்குவதற்குச் சமம்.

6. இந்த வாரம் செய்யவேண்டியவை

முதலாவது, புருஷனும் மனைவியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. ஒருவருக்கொருவர் மறைத்ததைச் சொல்லுங்கள். கேட்கிறவர் அன்றிரவு மட்டுமாவது கோபிக்காதிருக்கத் தீர்மானியுங்கள். வீட்டில் முதல் மன்னிப்பு அங்கே தொடங்கட்டும்.

இரண்டாவது, வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். பத்து வட்டியில் இருப்பதை, நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன் பெற்று மாற்றுங்கள். செல்போனில் நிமிஷத்தில் கடன் தரும் ஆப்களைத் தொடாதீர்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, விசேஷச் செலவைக் கையிலிருப்பதற்குள் நிறுத்துங்கள். வசதியுள்ளவர்கள் முதலில் எளிமையாகச் செய்து காட்டினால் இல்லாதவர்களுக்கு வெட்கம் தீரும்.

நான்காவது, உங்களுக்குக் கடன்பட்டவர்களில் மெய்யாகவே முடியாதவர் ஒருவரை நினைத்து, அந்தக் கணக்கை என்ன செய்யலாமென்று திவ்விய நற்கருணைக்கு முன் கேளுங்கள்.

ஐந்தாவது, கடனால் மனமுடைந்து உயிரை வெறுக்கும் நிலையில் யாராவது இருந்தால், தயவுசெய்து கேளுங்கள். எந்தக் கடனும் உங்கள் உயிருக்குச் சமமல்ல. நடுராத்திரியானாலும் சாமியார் பங்களாக் கதவைத் தட்டுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனைக்கும் கூப்பிடலாம். மிரட்டுகிறவர்கள் இருந்தால் போலீஸில் மனு எழுத உதவி செய்கிறோம். உங்கள் கடனைக் கேட்டு நான் ஆச்சரியப்படப் போவதில்லை. வேறு யாரிடமும் சொல்லப் போவதுமில்லை.

இன்றிரவு பரலோக மந்திரத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லுங்கள். அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் நாளைய தவணையைப் பிதாவின் கையில் வையுங்கள். மன்னிப்பைக் கேட்கும் இடத்தில் ஒரு பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். அந்தப் பெயர் எது என்பது உங்களுக்குத் தெரியும்.

செபம்: பரமபிதாவே, எங்கள் தேவைகளை நாங்கள் சொல்லுமுன் நீர் அறிந்திருக்கிறீர். நாளைய பயத்திலிருந்து எங்களை விடுவித்தருளும். நாங்கள் பட்ட கடனை நேர்மையாய்த் தீர்க்கவும், எங்களுக்குப் பட்டவர்களிடம் இரக்கமாயிருக்கவும் வரம் தாரும். ஆமென்.

உங்கள் பங்குக் குரு